டால்டா டின்னில் மலைத்துத்தி

சேலையூர்,
தாம்பரம் கிழக்கு,
14.6.1987

கர்த்தருக்குள் அன்பான தம்பி எலியேசருக்கு அக்கா ரத்தினபாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் அத்தானும் உன் மகள் ஹெப்சியும் சுகம். அங்கே உன் சுகத்துக்கு எழுது. போன கடிதத்தில் இருமல் என்றிருந்தாய். ஈரக் கம்பளியைப் போட்டுக்கொண்டு மலை ஏறாதே.

ஹெப்சி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்க்கிற அன்றைக்கு டீச்சர், "அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவளே, "எங்கப்பா செடிக்குப் பேர் கண்டுபிடிக்கிறாங்க" என்றாள். "எங்கேம்மா?" என்றதற்கு, "மலை மேல. அங்க கரண்ட் கிடையாது, அதான் லேட்டாவுது" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிற காரணம்.

அத்தானுக்கு ரயில்வேயில் ரிட்டையர் ஆனதிலிருந்து பொழுது போகவில்லை. "உன் தம்பி கீரை பறிக்கப் போய் நாலு வருஷம் ஆகப்போகுது. இங்க மார்க்கெட்ல கொட்டிக் கெடக்கு" என்கிறார். "நான் அஞ்சாங்கிளாஸோட நின்னேன், என் தம்பி எம்.எஸ்ஸி. உங்க வீட்ல எத்தனை எம்.எஸ்ஸி.?" என்று கேட்டேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் வந்தால் ஞானஜோதி போய் நாலு வருஷம். கல்லறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மா முகம் பிள்ளைக்கு போட்டோவில்தான் தெரியும். உன் முகமும் அப்படி ஆகிவிடக் கூடாது. நீ வந்து போயே ரெண்டு வருஷம் ஆயிற்று. அன்றைக்கு என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தவள், இப்போது ஒளிய மாட்டாள்.

அக்டோபரில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். காலண்டரில் அக்டோபர் தாளின் மூலையை மடித்து வைத்திருக்கிறாள். வேறொன்றும் இல்லை.

உன் சுகத்துக்கு ஜெபிக்கிற அக்கா,
ரத்தினபாய்


கேலாங்,
8.7.1987

அன்புள்ள அக்காவுக்கு எலியேசர் எழுதுவது. நான் நலம். இருமல் போய்விட்டது. உங்களுக்கும் அத்தானுக்கும் ஹெப்சிக்கும் என் அன்பு.

அக்கா, இந்தத் தடவை ஒரு நல்ல செய்தி. கேலாங்குக்கு மேலே ஒரு நாள் நடை தூரத்தில், பதிமூன்றாயிரம் அடி உயரத்தில், ஒரு சின்ன ஊர். பதினொரு வீடு. அங்கே கல் வேலி ஓரத்தில் ஒரு துத்தி இனம் கிடைத்திருக்கிறது. நம் ஊர்த் துத்தி, பூவரசு, வெண்டை, பருத்தி எல்லாம் ஒரே குடும்பம். இது அந்தக் குடும்பத்தில் மலைக்கு ஏறிப்போன பிள்ளை. நாமாக மலைத்துத்தி என்று வைத்துக்கொள்வோம். இங்கே இதைக் கீரையாகக் கடைந்து சாப்பிடுகிறார்கள். அத்தானிடம் சொல்ல வேண்டாம்.

இந்த இமயமலைப் பக்கத்தில் நான்கு வகைத் துத்தி இருப்பதாகப் புத்தகத்தில் உண்டு. இது எதிலும் சேரவில்லை. தரையோடு தரையாகப் படர்கிறது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. இலைக் காம்புக்கு அடியில் ஒரே ஒரு பூ. பூவைத் தாங்கும் பச்சைக் கிண்ணம் முழுக்க ரோமம். புது வகையாக இருந்தால், அக்கா, அதற்கு நான் பெயர் வைக்கலாம். என்ன பெயர் என்று யோசித்துவிட்டேன். இப்போது எழுத மாட்டேன்.

ஆனால் பூவை வைத்து இந்த இனத்தில் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. முற்றிய காய் வேண்டும். காய் பொட்டு மாதிரி வட்டமாக இருக்கும். உதிர்த்தால் துண்டு துண்டாகப் பிரியும். எத்தனை துண்டு, துண்டின் முதுகு வழவழப்பா வலை போட்டதா என்று பார்த்தால்தான் தெரியும். அக்டோபரில்தான் முற்றும். அதற்குப் பிறகு சில நாளில் ரோத்தாங் கணவாயைப் பனி மூடிவிடும். மூடினால் ஜூன் வரை பஸ் கிடையாது. அந்தச் சில நாளுக்குள் இறங்கி வந்துவிடுவேன்.

போன வருஷம் என்ன செடி என்று தெரியாமலே அங்கே பொறுக்கிய விதை கொஞ்சம் வைத்திருக்கிறேன். காயைப் புழு அரித்துவிட்டதால் ஆராய்ச்சிக்கு உதவாது. ஹெப்சி விளையாட அனுப்புகிறேன். நம் வெயிலில் முளைக்காது.

அன்புத் தம்பி,
எலியேசர்


சேலையூர்,
2.8.1987

அன்பான தம்பிக்கு, அக்கா ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. சுகம் என்று படித்த பிறகுதான் காபி குடித்தேன்.

செடியைப் பற்றி எழுதியதை ஹெப்சிக்கு ரெண்டு தடவை வாசித்தேன். அதில் அவளைப் பற்றி இருந்த இடத்தை மூன்று தடவை வாசித்தேன். சின்ன இடந்தான், அதனால் சிரமமில்லை.

விதையை ஒரு டால்டா டின்னில் போட்டோம். வரவில்லை. மிச்சத்தை அவள் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். ஆட்டினால் சத்தம் கேட்கிறதாம். "அப்பா சத்தம்" என்கிறாள்.

இப்போது ரோட்டில் போகிற செடியெல்லாம் எங்களுக்குச் சொந்தம். ரயில்வே வேலி ஓரத்துத் துத்திக் காயை உதிர்த்து எண்ணுகிறோம். கீரைக்காரி கங்கம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பல்லாங்குழி ஆடிகினு கீறீங்க நடுரோட்ல?" என்று கேட்டாள். "எங்க அப்பா வேலை செய்றோம்" என்றாள் இவள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உன் பிள்ளைதானே.

பேர் யோசித்துவிட்டேன், எழுத மாட்டேன் என்கிறாய். நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். நாலு வருஷமாக நீ வாயில் எடுக்காத பேர்தானே. சரி, எழுத வேண்டாம்.

காய் முற்றியதும் கிளம்பு. அவ்வளவுதான்.

அக்கா


கேலாங்,
22.10.1987

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மேலே கூடாரத்தில் இருந்தேன்.

இந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. காய் முற்றவில்லை. எல்லாம் பச்சையாகவே கருகிவிட்டன. கணவாயும் மூடுகிற நிலைமை. குளிர்காலம் இங்கேயே இருந்து, அடுத்த வருஷக் காயைப் பார்த்துவிட்டுத்தான் வர முடியும். ஆபீசுக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டேன். தபால் இனி ஹெலிகாப்டர் வந்தால்தான்.

ஹெப்சியிடம் நீங்கள்தான் எப்படியாவது சொல்ல வேண்டும்.

தம்பி,
எலியேசர்


சேலையூர்,
25.11.1987

அன்பான தம்பிக்கு, எல்லாரும் சுகம். மழை பெய்து கிணற்றில் நாலு உறை ஏறியிருக்கிறது.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அவள் அழவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, காலண்டரில் மடித்த மூலையை நகத்தால் நீவி நீவி நேராக்கினாள். மடிப்பு போகவில்லை.

அத்தான் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. சைக்கிளில் அவளை உட்கார வைத்து சானடோரியம் வரை போய், சோளப்பொரி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

இன்னொரு விஷயம். நீ பருத்தியும் இதுவும் ஒரே குடும்பம் என்று எழுதியிருந்தாயே. பருத்தி விதையை நம் அப்பா சும்மா ஊன்ற மாட்டார், நீ சின்னப்பிள்ளை, நினைவிருக்காது. சாணிப்பாலும் மண்ணும் போட்டுக் கட்டிலின் கயிற்றுமேல் வைத்துத் தேய்த்துத்தான் ஊன்றுவார். மேல்தோல் உரசினால்தான் தண்ணீர் உள்ளே இறங்குமாம். சொந்தக்காரன் விதைக்கும் அதே பக்குவம்தானே என்று, தீப்பெட்டியில் இருந்ததை எடுத்து அப்படியே செய்தேன். கயிற்றுக் கட்டில் இல்லை, வாசல் மிதியடியில் தேய்த்தேன். மழை விட்டு எட்டாம் நாள் மூன்று முளை. ஹெப்சி மூன்றையும் தூங்க விடவில்லை, விரலால் தொட்டுத் தொட்டு.

கிறிஸ்மசுக்கு உனக்கு முறுக்கு அனுப்ப வழியில்லை.

அக்கா


சேலையூர்,
10.1.1988

தம்பிக்கு, புத்தாண்டு வாழ்த்துதல். இங்கே சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஹெலிகாப்டர் வராதிருக்கும்.

ஹெப்சிக்கு மேல் வரிசையில் ஒரு பல் விழுந்தது. உனக்கு அனுப்பச் சொன்னாள். தபாலில் பல்லை அனுப்பக் கூடாது என்று அத்தான் ஒரு சட்டம் சொல்லி நிறுத்தினார். என் பேரன், பேபி பெற்றது, மறைமலை நகரிலிருந்து வந்து பத்து நாள் இருந்தான். அவன், "உங்கப்பா நிஜமாவே இருக்காரா?" என்று இவளிடம் கேட்டிருக்கிறான். இவள் டின்னைக் காட்டினாளாம்.

செடி நன்றாக இருக்கிறது. கங்கம்மா, "இத்த கடைஞ்சா ஒரு வேளைக்கு ஆவும், குட்த்துடு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வேறு விசேஷமில்லை.

அக்கா


(தபாலில் போடவில்லை. வேதாகமத்துக்குள் வைத்தேன்.)

14.2.1988

தம்பி, இதை எழுதிவிட்டுப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

செடி நீ எழுதிய மாதிரி இல்லை. படரவில்லை. நட்டமாக நின்று என் முழங்காலைத் தாண்டிவிட்டது. பூ ஒன்று ஒன்றாக இல்லை, காம்படியில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு ஏதோ விதை கலந்துவிட்டதோ என்று பயந்து, அடுத்த தெருவில் பத்ரிநாராயணன் சார் இருக்கிறாரே, காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தி ரிட்டையர் ஆனவர், அவரிடம் டின்னோடு தூக்கிக்கொண்டு போனேன். ஹெப்சி காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சார் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது எங்கம்மா கிடைச்சது?" என்றார். சொன்னேன். நீ எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். "இது அந்த மலைப்பக்கம் வாய்க்கால் ஓரமெல்லாம் வளர்ற சாதாரண வகைதாம்மா. ரொம்ப மேல ஏறினா காத்துக்கும் குளிருக்கும் பயந்து ஒடுங்கித் தரையோட படுத்துடும், பூவும் குறைஞ்சுடும். இங்க தண்ணியும் சூடும் கிடைச்சதும் நிமிர்ந்து தன் சுய உருவத்தக் காட்டிடுச்சு. உங்க தம்பிக்கு எழுதுங்க, பாவம், காத்திருக்கப் போறார்" என்றார்.

வழியெல்லாம் ஹெப்சி, "அப்பா செடிக்குப் பேர் கெடச்சிடுச்சா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் டின்னை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு நடந்தேன்.

இதைப் போட்டால் நீ அங்கே இருக்கக் காரணம் இல்லை. வந்துவிடுவாய். நீ வர வேண்டும் என்று நான் முட்டி போடாத நாளில்லை. ஆனால் இப்படியா? நாலு வருஷம் பனியில் கிடந்து தேடியதை, அஞ்சாங்கிளாஸ் படித்த நான் மிதியடியில் தேய்த்து இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். ஞானஜோதி பேரை வைக்க நினைத்தாய். அதை நான் எந்தக் கையால் அழிப்பேன்?

போடாமல் இருந்தால் இன்னும் ஒரு வருஷம். பிள்ளைக்கு ஏழு வயசாகும்.


கேலாங்,
1.3.1988

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் இரண்டு கடிதமும் இன்றைக்கு ஒன்றாக வந்தன. ஹெலிகாப்டர் மதியம் திரும்புகிறது, அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

விதை முளைத்தது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செடி எப்படி இருக்கிறது? "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இவ்வளவு சுருக்கமாக எழுதுகிறவர் இல்லையே அக்கா. படர்கிறதா, நிற்கிறதா? பூ ஒற்றையா, கொத்தா? காய் வந்ததா?

ஹெப்சியை வரையச் சொல்லுங்கள். அவள் எண்ணிச் சொன்னால் போதும். விழுந்தது எந்தப் பல்?

எலியேசர்


சேலையூர்,
4.4.1988

அன்பான தம்பிக்கு, ஈஸ்டர் வாழ்த்துதல். இங்கே சுகம்.

நீ கேட்டுவிட்டாய், இனி நான் மறைக்க முடியாது. பிப்ரவரியில் எழுதிப் போடாத கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? செடியில் ஒன்றைப் பேப்பருக்குள் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றிக் காய வைத்து அனுப்பியிருக்கிறேன். ஹெப்சி வரைந்த படமும் இருக்கிறது. காயில் பதினொரு துண்டு. முதுகு வழவழப்பு. அவள் நாலு காய் எண்ணினாள், நாலிலும் பதினொன்று.

என்மேல் கோபமிருந்தால் வைத்துக்கொள். நான் ஏன் பிப்ரவரியிலேயே போடவில்லை என்றால், நீ தோற்றுப்போய் வருவதை என்னால் பார்க்க முடியாது. அப்பா செத்த அன்றைக்கு உனக்கு நாலு வயசு. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் என் பேரை எடுத்துவிட்டு வந்தவள் நான். என் படிப்பையும் சேர்த்து நீ படித்தாய் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெருமையை எனக்கே விட முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இனி வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால், வரவில்லை என்று எழுது. செடிமேல் சாக்கு வைத்து எழுதாதே. அந்தச் செடி என் வீட்டில் வளர்ந்த செடி.

எந்தப் பல் என்று கேட்டாயே. நடுவில், வலது பக்கம். இப்போது பக்கத்துப் பல்லும் போய்விட்டது. நீ கேட்ட வரியை அவளே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு போய்க் கண்ணாடி பார்த்தாள்.

அக்கா


கேலாங்,
12.5.1988

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை உண்மையை எழுதுகிறேன்.

காய் கருகவில்லை அக்கா. போன அக்டோபர் எட்டாம் தேதியே முற்றிவிட்டது. உதிர்த்து எண்ணினேன். பதினொன்று. முதுகு வழவழப்பு. சாதாரண வகை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. செடியை ஒட்டி வைக்கும் அட்டையில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். நீங்கள் யார் கையால் அழிப்பது என்று வருந்தியிருக்கிறீர்கள். அழிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் விதை ஒருவேளை வேறு சொல்லாதா என்று ஒரு நப்பாசை, அதனால்தான் மார்ச்சில் கேட்டேன்.

கணவாய் அதற்குப் பிறகு மூன்று வாரம் திறந்துதான் இருந்தது. பெட்டி கட்டிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். நான் ஏறவில்லை.

ஞானஜோதிக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது நான் கொல்லிமலையில் செடி பறித்துக்கொண்டிருந்தேன். தந்தி மூன்று நாள் என்னைத் தேடியது. நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற ஹெப்சி, அப்போது இரண்டு வயசு, என் தோள்பையைத் திறந்து பார்த்தாள். அம்மா அதற்குள் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். எத்தனை மலை ஏறினாலும் அது என்னை விடவில்லை. ஒரு செடிக்கு அவள் பெயரை வைத்துவிட்டால், பையில் ஏதோ ஒன்றைக் கொண்டு வந்தவனாகவாவது வாசலில் நிற்கலாம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை என்று ஆனதும் ஏற முடியவில்லை.

ஹெப்சியின் படத்தைக் கூடாரத்தில் மாட்டியிருக்கிறேன். காய்க்குப் பக்கத்தில் ஒரு பல்லையும் வரைந்திருக்கிறாள்.

ஜூன் இருபதாம் தேதி முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். மாற்றலுக்கும் எழுதிவிட்டேன். இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை காலை சென்ட்ரல், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம். வெறும் பையோடுதான் வருகிறேன். என்னை அப்பா என்று கூப்பிடச் சொல்லி அவளை வற்புறுத்த வேண்டாம். அவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

எலியேசர்


சேலையூர்,
29.5.1988

அன்புள்ள அப்பாவுக்கு ஹெப்சி எழுதுவது. நான் சுகம். நீங்க சுகமா? அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாங்க, அதனால் நானே எழுதுகிறேன். தப்பு இருந்தால் மாமா திருத்துவாங்க.

செடி வெயிலில் காய்ந்துவிட்டது. விதையை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டுவிட்டேன். இப்போ ரொம்ப சத்தம். கங்கம்மா ஆயாவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன்.

தாம்பரம் ஸ்டேஷனில் கூட்டமாக இருக்கும். போட்டோ பார்த்துக்கொண்டு வராதீங்க, அது மூணு வயசில் எடுத்தது. என்னைக் கண்டுபிடிக்க எழுதுகிறேன். உயரம், அத்தை இடுப்புக்கு மேலே ஒரு விரற்கடை. மேல் வரிசையில் நடுவில் ரெண்டு பல் இல்லை, நான் சிரித்தால்தான் தெரியும், சிரிப்பேன். இடது முட்டியில் சைக்கிள் தழும்பு. ரெட்டைச் சடை, பச்சை ரிப்பன். எல்லாம் சரியாக இருந்தால் நான்தான். ஒன்று மட்டும் சரியாக இருந்தால் அது வேற பிள்ளை.

உங்களுக்கும் எழுதி அனுப்புங்க. மீசை இருக்கா?

பை காலியாக இருந்தால் பரவாயில்லையாம். என் சாக்பீஸ் டப்பாவை அதில் வைக்கலாம்.

ரயில் நன்றாக நின்ற பிறகுதான் இறங்கணுமாம். அத்தை சொல்லச் சொன்னாங்க.

ஹெப்சி